நோயாளிகள் கூடினால் திட்டம் தோற்றதா? சிமுலேஷன் மாதிரி பற்றி ஓர் எளிய விளக்கம்

மலேசியாவின் சுங்கை சிப்புட், தாப்பா, பாகான் செராய் போன்ற ஒரு தோட்டப்புற நகரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் ரப்பர், இப்போது சுற்றிலும் செம்பனை. லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டுத் தாமான் குடியிருப்பில் குடியேறிய பழைய பால்வெட்டுத் தொழிலாளர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது. பிள்ளைகள் கோலாலம்பூரிலும் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அரசு கிளினிக்கில் காலையிலேயே எண் வாங்கி உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் இனிப்பு நீர் (நீரிழிவு) மருந்துக்கும் ரத்தக் கொதிப்பு மருந்துக்கும் வந்தவர்கள்.

இந்த ஊருக்குப் பத்து ஆண்டு கழித்து சிறுநீரகம் பழுதானவர்களின் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் இயந்திரம் எத்தனை வேண்டும்? கட்டடம், தாதியர் பயிற்சி, ஒதுக்கீடு எல்லாவற்றுக்கும் ஆண்டுக்கணக்கில் ஆகும் என்பதால் முடிவை இன்றே எடுத்தாக வேண்டும். போன வருடம் 10 பேர், இந்த வருடம் 12 பேர், அடுத்த வருடம் 14 பேர் என்று கோடு இழுத்துக்கொண்டே போகலாம். பெரும்பாலான அலுவலகக் கணக்குகள் இப்படித்தான் நடக்கின்றன. ஆனால் டயாலிசிஸுக்கு வருபவர்கள் வானத்திலிருந்து வருவதில்லை. இனிப்பு நீர் நாளடைவில் சிறுநீரகத்தைப் பழுதாக்கும் என்பதால், பெரும்பாலும் இன்று இனிப்பு நீரோடு நடமாடுபவர்களிலிருந்து வருகிறார்கள். அவர்கள் நேற்று நலமாக இருந்தவர்களிலிருந்து வந்தவர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் சிலர் இறந்துபோகிறார்கள். இந்த ஓட்டத்தை ஆண்டு ஆண்டாகக் காகிதத்திலோ கணினியிலோ ஓட்டிப் பார்க்கும் ஒத்திகைதான் சிமுலேஷன் மாதிரி.

நான்கு பெட்டி, ஆயிரம் பேர்

பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். எக்செல் போதும். 60 வயதுள்ள 1,000 பேரை நான்கு பெட்டிகளில் போடுவோம்: நலம், இனிப்பு நீர், டயாலிசிஸ், மரணம். தொடக்கத்தில் நலமாக 700 பேர், இனிப்பு நீரோடு 300 பேர். மற்ற இரண்டு பெட்டிகளும் காலி.

இனி, ஓர் ஆண்டில் ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு எத்தனை விழுக்காட்டினர் போகிறார்கள் என்று எழுதிக்கொள்ள வேண்டும். கீழே உள்ள விழுக்காடுகள் கணக்குப் புரிவதற்காக வைத்துக்கொண்டவை. எந்த ஊரிலும் எடுத்தவை என்று நினைத்துவிட வேண்டாம். நலத்திலிருந்து இனிப்பு நீருக்கு 3, நலத்திலிருந்து மரணத்துக்கு 1. இனிப்பு நீரிலிருந்து டயாலிசிஸுக்கு 2, மரணத்துக்கு 3. டயாலிசிஸிலிருந்து மரணத்துக்கு 15. மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள்.

முதல் ஆண்டு: நலமாக இருந்த 700 பேரில் 21 பேருக்கு இனிப்பு நீர் வருகிறது, 7 பேர் இறக்கிறார்கள், மீதி 672. இனிப்பு நீர்ப் பெட்டியில் இருந்த 300 பேரில் 6 பேர் டயாலிசிஸுக்குப் போகிறார்கள், 9 பேர் இறக்கிறார்கள், 285 பேர் தங்குகிறார்கள். புதிதாக வந்த 21 பேரையும் சேர்த்தால் 306. டயாலிசிஸ் 6, மரணம் 16. கூட்டிப் பாருங்கள்: 672, 306, 6, 16, மொத்தம் 1,000. இந்தக் கூட்டல் ஒவ்வொரு ஆண்டும் 1,000 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஓர் ஆள் தொலைந்துவிட்டார், அல்லது இரண்டு முறை எண்ணப்பட்டுவிட்டார். எக்செல் தாளின் கடைசிப் பத்தியில் (மேலிருந்து கீழாக ஓடும் கட்டங்களில்) இந்தக் கூட்டலை நிரந்தரமாக வைத்திருப்பது நல்ல பழக்கம்.

இதையே பத்து முறை செய்தால், பத்தாம் ஆண்டு முடிவில் நலம் 465, இனிப்பு நீர் 318, டயாலிசிஸ் 34, மரணம் 182 என்று வரும். தசமங்களை வெட்டியதால் ஒன்று குறைகிறது. இதற்கு அடிப்படை ஓட்டம் என்று பெயர்: எதையும் மாற்றாமல் விட்டால் நடப்பது.

எக்செலில் முதல் முறை செய்பவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. இந்த ஆண்டின் இனிப்பு நீர் எண்ணிக்கையைக் கணக்கிட்ட பிறகு, டயாலிசிஸுக்குப் போகிறவர்களை அந்தப் புதிய எண்ணிக்கையிலிருந்தே எடுத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால், இவ்வாண்டு இனிப்பு நீர் வந்த ஆளில் ஒரு பங்கு இவ்வாண்டே சிறுநீரகமும் பழுதாகி இயந்திரத்தில் படுத்திருப்பார். எல்லாச் சூத்திரமும் மேல் வரிசையை, அதாவது போன ஆண்டை மட்டுமே பார்க்க வேண்டும். கூட்டல் 1,000 வந்தாலும் இந்தப் பிழை சில சமயம் ஒளிந்துகொள்ளும் என்பதால் முதல் இரண்டு ஆண்டுகளைக் கையால் போட்டுச் சரிபாருங்கள். இரண்டாம் ஆண்டு டயாலிசிஸ் 11.22 வர வேண்டும்.

இரண்டு திட்டங்களை ஓட்டிப் பார்ப்போம்

முதல் திட்டம் சிகிச்சை. ஏற்கெனவே இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு மருந்து ஒழுங்காகக் கிடைக்கிறது, எச்பிஏ1சி சோதனை (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தச் சோதனை) நேரத்துக்கு நடக்கிறது, ரத்தக் கொதிப்பும் கட்டுக்குள் இருக்கிறது. அதனால் டயாலிசிஸுக்குப் போகும் வாய்ப்பு 2 விழுக்காட்டிலிருந்து 1 ஆகவும், மரண வாய்ப்பு 3இலிருந்து 2 ஆகவும் குறைகிறது என்று வைப்போம். பத்தாம் ஆண்டில் டயாலிசிஸ் 34இலிருந்து 19 ஆகிறது. மரணம் 182இலிருந்து 142.

இனிப்பு நீர்ப் பெட்டியைப் பாருங்கள். 318 இருந்த இடத்தில் 374.

திட்டம் வெற்றி பெற்றதால்தான் நோயாளிகள் கூடியிருக்கிறார்கள். சாக வேண்டியவர்கள் சாகவில்லை, டயாலிசிஸுக்குப் போக வேண்டியவர்கள் போகவில்லை, எல்லாரும் அதே பெட்டியில் தங்கி மாத்திரை வாங்க வருகிறார்கள். மாதிரி இல்லாமல் கிளினிக் வருகைப் பதிவை மட்டும் பார்க்கும் ஓர் அதிகாரி, இவ்வளவு செலவு செய்தும் இனிப்பு நீர் கூடிவிட்டதே என்று திட்டத்தை மூடிவிடலாம். மருந்து வாங்கும் பிரிவும் 318 பேருக்குப் பட்ஜெட் போட்டிருந்தால் 374 பேர் வந்து நிற்பார்கள்.

இயந்திரக் கணக்குக்கு வருவோம். ஒருவருக்கு வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். ஓர் இயந்திரம் ஒரு நாளில் இரண்டு ஷிப்ட் ஓடினால், திங்கள் புதன் வெள்ளி ஓர் அணி, செவ்வாய் வியாழன் சனி ஓர் அணி என்று நான்கு பேருக்குப் போதும். 34 பேருக்கு 9 இயந்திரம், 19 பேருக்கு 5. அவசரத்துக்கு ஒன்று உபரியாக வைப்பது தனி. கூட்டத்தில் விவாதிக்கும்போது 15 பேர் குறைந்தார்கள் என்பதைவிட நான்கு இயந்திரம் குறைந்தது என்பது சட்டென்று புரியும்.

இரண்டாம் திட்டம் தடுப்பு. நடைப்பயிற்சி, உணவு, இனிப்பைக் குறைப்பது. புதிதாக இனிப்பு நீர் வரும் வாய்ப்பு 3இலிருந்து 1.5 ஆகிறது, மற்றவை பழையபடி. பத்தாம் ஆண்டில் இனிப்பு நீர் 254, டயாலிசிஸ் 29, மரணம் 173. பாதியாகக் குறைத்தும் டயாலிசிஸில் ஐந்து பேர்தான் வித்தியாசம். இரண்டாம் ஆண்டில் பார்த்தால் இன்னும் மோசம்: அடிப்படை ஓட்டத்தில் 11.2, தடுப்பில் 11.0. தடுப்பின் பலன் இரண்டு பெட்டி தாண்டி வர வேண்டியிருப்பதால் இந்தத் தாமதம். இரண்டு ஆண்டுக்கு மானியம் கொடுத்து, இரண்டாம் ஆண்டு முடிவில் டயாலிசிஸ் குறைந்ததா என்று கேட்டால் எந்தத் தடுப்புத் திட்டமும் தேறாது. எத்தனை ஆண்டுக்கு ஓட்டுவது என்பதே விடையைப் பாதி தீர்மானித்துவிடுகிறது. யார் எந்தக் கால அளவைத் தேர்ந்தெடுத்தார்கள், ஏன் என்று கேட்காமல் ஒரு மாதிரியின் முடிவை ஏற்கக் கூடாது.

எண்ணை நம்பலாமா, இடைவெளியை நம்பலாமா

டயாலிசிஸில் இருப்பவர்களின் ஆண்டு மரண வாய்ப்பை 15 என்று வைத்தோம். அது உண்மையில் 10 ஆக இருந்தால்? அடிப்படை ஓட்டத்தில் 34 என்பது 41 ஆகிறது. நமது முன்கணிப்பு ஏழு பேர் தவறிவிட்டது. ஆனால் சிகிச்சைத் திட்டத்தின் 19 என்பதும் 23 ஆக ஏறிவிடுகிறது. 34க்கு 19 என்றாலும் 41க்கு 23 என்றாலும் ஏறத்தாழ 55 விழுக்காடுதான். தனி எண் ஆடுகிறது, இரண்டு ஓட்டங்களுக்கு இடையிலான விகிதம் அசையவில்லை.

இப்படி ஒவ்வொரு விழுக்காட்டையும் ஏற்றி இறக்கிப் பார்ப்பதை உணர்திறன் சோதனை என்கிறார்கள். எல்லா உள்ளீட்டையும் பத்து விழுக்காடு கூட்டியும் குறைத்தும் ஓட்டி, எது முடிவை அதிகம் ஆட்டுகிறது என்று வரிசைப்படுத்துங்கள். அதிகம் ஆட்டுகிற எண்ணைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ளப் பணம் செலவழிக்கலாம். ஆட்டாததை ஊகத்தோடு விட்டுவிடலாம். இடைவெளியே தலைகீழாகும் எண் ஏதாவது இருந்தால் அதை அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுத வேண்டும்.

தனி எண்ணுக்கும் ஓட்டங்களை ஒப்பிடுவதற்கும் உள்ள இந்த வேறுபாடு புரியாததால் வந்த குழப்பத்தைக் கொரோனாக் காலத்தில் உலகமே பார்த்தது. 2020 மார்ச்சில் லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு, எந்த நடவடிக்கையும் எடுக்காமல் விட்டால் பிரிட்டனில் சுமார் 5,10,000 பேர் இறக்கலாம் என்று கணக்கிட்டது. நாடு அடைக்கப்பட்டது, அந்த எண் வரவில்லை. கணக்குப் பொய் என்று பலர் சொன்னார்கள். அது ‘விட்டால்’ என்ற ஓட்டத்தின் எண். விடவில்லை.

விழுக்காடு எங்கிருந்து வருகிறது

மாதிரி கட்டுவதில் கால் பங்குதான் கணினி வேலை. மீதி, உள்ளே போடும் எண்களைத் தேடுவது.

மலேசியாவில் முதலில் எடுக்க வேண்டியது சுகாதார அமைச்சின் தேசிய உடல்நல, நோய்நிலை ஆய்வு. 2019 ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். மொத்தப் பெரியவர்களில் 9.4 விழுக்காட்டினருக்குத் தங்களுக்கு நோய் இருப்பது தெரியும். 8.9 விழுக்காட்டினருக்கு ஆய்வில் விரலைக் குத்திப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஆக, கிளினிக் பதிவேட்டை மட்டும் வைத்து மாதிரியைத் தொடங்கினால் ஏறக்குறைய பாதி நோயாளிகளை ‘நலம்’ பெட்டியில் போட்டுவிடுவீர்கள். பிறகு அவர்கள் கால் புண்ணோடும் மங்கிய கண்ணோடும் வந்து நிற்கும்போது மாதிரிக்கு அது புரியாது. 2023 ஆய்வில் மொத்த விழுக்காடு 15.6. ஏறிக்கொண்டேதான் போகும் என்று 2019இல் கட்டிய எந்தக் கணக்கும் இங்கே இடறியிருக்கும். அதனால்தான் பழைய ஆண்டில் தொடங்கி, தெரிந்த ஆண்டு வரை ஓட்டி, ஆய்வு சொன்னதோடு ஒப்பிட்ட பிறகே எதிர்காலத்துக்குப் போக வேண்டும்.

முதியவர்களின் வருமானம், குடும்பம், உடல்நிலை மூன்றையும் சேர்த்துக் கேட்பது மலாயாப் பல்கலைக்கழகம் 2018இல் தொடங்கிய முதுமை, பணி ஓய்வு ஆய்வு. 40 வயதைத் தாண்டியவர்களிடம் விவரம் எடுத்து, சில ஆண்டு கழித்து மீண்டும் அவர்களிடமே போகிறது. ஒரே ஆளிடம் திரும்பப் போனால்தான் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குப் போகும் விழுக்காடு கிடைக்கும். ஒரு முறை எடுத்த கணக்கெடுப்பு எத்தனை பேர் எந்தப் பெட்டியில் என்று மட்டுமே சொல்லும்.

வெளிநாட்டு விழுக்காட்டை அப்படியே எடுத்து ஒட்டுவதும் ஆபத்து. இனிப்பு நீரைப் பொறுத்தவரை நம் ஆட்களின் உடல் எடை குறைவாக இருக்கும்போதே ஆபத்து தொடங்கிவிடுகிறது. ஆசியர்களுக்கு உடல் நிறைக் குறியீடு (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் எண்) 23இலேயே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொன்னது இதற்காகத்தான். வழக்கமான 25ஐ எல்லையாக வைத்துக் கட்டிய மாதிரி, ஒல்லியான பழைய பால்வெட்டுக்காரர் ஒருவரைப் பார்த்து ‘இவருக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்லும்.

இன்னொரு பொறி: ஆய்வுக் கட்டுரை ஐந்து ஆண்டில் 60 விழுக்காட்டினர் அடுத்த பெட்டிக்குப் போனார்கள் என்று சொல்லும், நமக்கோ ஆண்டுக் கணக்கு வேண்டும். 60ஐ 5ஆல் வகுத்து 12 என்று போட்டால் தவறு. ஆண்டுக்கு 12 விழுக்காடு வீதம் ஐந்து ஆண்டு ஓட்டினால் மீதி உள்ளவர்களிலிருந்துதான் ஒவ்வொரு முறையும் குறையும், மொத்தம் 47 விழுக்காடே வரும். சரியான வழி: தப்பியவர்கள் 0.40. அதன் ஐந்தாம் மூலம் 0.833. ஒன்றிலிருந்து கழித்தால் ஆண்டுக்கு 16.7 விழுக்காடு.

திட்டத்தின் பலனையும் முழுதாக நம்ப வேண்டாம். மருத்துவமனை ஆய்வில் ஒரு மருந்து ஆபத்தைப் பாதியாக்கியிருக்கலாம். நம் ஊரில் பேருந்து ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான் வரும், அழைத்துப்போகப் பிள்ளை இல்லை, 100 பேரில் 60 பேர்தான் ஒழுங்காக வருகிறார்கள் என்றால், உண்மையான குறைவு 50 இல்லை, 30 விழுக்காடு. 2 என்பது 1 ஆகாது, 1.4 ஆகும். சர்க்கரைப் பானத்துக்கு 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 சென் கலால் வரி வந்ததைக் கணக்கில் சேர்ப்பவர்களும் இதைப் பார்க்க வேண்டும். அந்த வரி டின்னிலும் பாட்டிலிலும் அடைத்து வரும் பானத்துக்கு. ஒட்டுக்கடையில் தகரப்பால் ஊற்றி ஆற்றும் தே தாரேக்கு அது கிடையாது. ஊரில் இனிப்பு எந்த வழியாக உள்ளே போகிறது என்று தெரியாமல் வரியின் பலனைக் கணக்கிட முடியாது.

ஆளுக்கு ஒரு வரிசை

நான்கு பெட்டி மாதிரிக்கு ஒரு பெரிய குறை: நினைவு கிடையாது. நேற்று இனிப்பு நீர் வந்தவரும் இருபது ஆண்டாகச் சுமப்பவரும் அதற்கு ஒன்றே. இதைத் தாண்டத்தான் மைக்ரோசிமுலேஷன். 1957இல் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் கை ஓர்கட் முன்வைத்த யோசனை: கூட்டத்தைக் கணக்கிடாதே, ஆளாளாகக் கணக்கிடு.

கணினியில் ஒரு பாட்டி ஒரு வரிசை. வயது 67, பெண், எடை, வெற்றிலை புகையிலை உண்டா, எத்தனை ஆண்டாக இனிப்பு நீர், இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) கணக்கில் மீதி எவ்வளவு, தனியாகவா மகளோடா, கிளினிக் எவ்வளவு தூரம். இதையெல்லாம் வைத்து இவ்வாண்டு அவருக்குச் சிறுநீரகம் பழுதாகும் வாய்ப்பு, பேச்சுக்கு 3.4 விழுக்காடு என்று வருகிறது. கணினி பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையே ஓர் எண்ணைச் சீட்டுப்போல் எடுக்கும். 0.034க்குக் கீழே விழுந்தால் பாட்டி டயாலிசிஸுக்குப் போகிறார், இல்லாவிட்டால் இல்லை. வயதில் ஒன்று கூட்டி அடுத்த ஆண்டு. இறக்கும்வரை இப்படி. பிறகு அடுத்த ஆள்.

சீட்டு எடுப்பதால் ஒவ்வொரு ஓட்டத்திலும் விடை மாறும். 300 பேருக்கு 2 விழுக்காடு என்றால் சராசரி 6. ஆனால் ஓர் ஓட்டத்தில் 4 வரும், இன்னொன்றில் 8 வரும். நூறு முறை ஓட்டிச் சராசரி எடுத்தால் இந்த ஆட்டம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். இரண்டு திட்டங்களை ஒப்பிடும்போது ஒவ்வோர் ஆளுக்கும் இரண்டிலும் ஒரே சீட்டு விழும்படி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் திட்டத்தால் வந்த வித்தியாசம் எது, சீட்டால் வந்தது எது என்று பிரிக்கவே முடியாது. புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான்.

இந்த வகையில் பெயர்பெற்றது அமெரிக்காவின் ‘ஃபியூச்சர் எல்டர்லி மாடல்’. அங்கே முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கேரின் செலவைக் கணிக்க ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் உருவானது. 1992இலிருந்து ஐம்பது வயதைத் தாண்டியவர்களை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பேட்டி காணும் ஆய்வின் தரவில் ஓடுகிறது. 2013இல் வெளியான அதன் கணக்கு ஒன்று சுவையானது. புற்றுநோயை மட்டும், அல்லது இதய நோயை மட்டும் குறைத்தால் ஆயுள் எதிர்பார்த்த அளவு நீளவில்லை. ஒன்றில் தப்பியவரை அடுத்த நோய் பிடித்துக்கொள்கிறது. முதுமையடையும் வேகத்தையே குறைத்தால் ஆயுள் 2.2 ஆண்டு கூடுகிறது, ஐம்பது ஆண்டில் அதன் மதிப்பு 7.1 டிரில்லியன் டாலர். கூடவே அரசின் ஓய்வூதிய, மருத்துவச் செலவும் ஏறுகிறது. நம் நான்கு பெட்டியில் 318 என்பது 374 ஆன அதே கதை.

நம் ஊரில் இது நேரே இ.பி.எஃப்.இல் போய் இடிக்கும். 55 வயதில் முழுப் பணத்தையும் எடுக்கலாம். 2013 ஜூலையிலிருந்து குறைந்தபட்ச ஓய்வு வயது 60. சிகிச்சை நன்றாகி ஆயுள் நீண்டால் அதே சேமிப்பு இன்னும் சில ஆண்டு தாங்க வேண்டும். உடல்நலத் திட்டத்தையும் சேமநிதியையும் வேறு வேறு மாதிரிகளில் ஓட்டினால் இந்த இடி எந்த அறிக்கையிலும் தெரியாது. 65 வயதைத் தாண்டியவர்கள் 2010இல் 5 விழுக்காடு, 2040இல் 14.5 விழுக்காடு என்பது புள்ளிவிவரத் துறையின் கணிப்பு. இளையவர்கள் வெளியேறிவிட்ட தோட்டப்புற நகரத்துக்கு இந்தத் தேசியச் சராசரியைப் போட்டால் குறைவாகவே காட்டும். வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் மக்கள் தொகையில் சேர்த்து வகுத்தால் இன்னும் குறைவாகக் காட்டும். அதனால் ஊரை விட்டுப் போகிறவர்களுக்கும் வருகிறவர்களுக்கும் தனிப் பெட்டி வேண்டும்.

மாதிரியின் எக்செல் தாளில் வேறொரு பத்தியும் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. பக்கவாதம் வந்த தாயைப் பார்த்துக்கொள்ள, தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பும் மகள். அவர் இழந்த மாதச் சம்பளம், அவருடைய சேமநிதியில் விழாத பங்கு, இருபது ஆண்டு கழித்து அவருக்கே வயதாகும்போது இருக்கப்போகும் மீதி. இதற்கு ஒரு பத்தி போடாத மாதிரியில், முதியோர் இல்லத்தையும் வீட்டுப் பராமரிப்பையும் ஒப்பிட்டால் ஒவ்வொரு முறையும் வீடுதான் மலிவு என்று விடை வரும்.